சாலை சொல்லும் வேகம்

காய்ந்த தார்ச்சாலை. நன்றாகப் பிரேக் பிடிக்கும் கார். ஓட்டுபவர் முழு விழிப்பில் இருக்கிறார். கையில் செல்போன் இல்லை, குடிக்கவும் இல்லை. காருக்கு 14 மீட்டர் முன்னால், ஓரமாக நிற்கும் வேனின் மறைவிலிருந்து ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடிவருகிறது. என்ன ஆகும்?

கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அதற்குள் கார் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீட்டர். ஆக, பதின்மூன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும். 40 கிலோமீட்டரில் வந்தால், கால் பிரேக்கைத் தொடும்போதே 11 மீட்டர் போயிருக்கும். மிச்சமிருக்கும் 3 மீட்டரில் வேகம் கொஞ்சம்தான் குறையும். கார் சுமார் 33 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். 50 கிலோமீட்டரில் வந்தால் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் கரைந்துவிடும். பிரேக் பிடிக்கவே நேரமில்லை. மோதும் வேகம் முழுசாக 50.

ஓட்டுநர் அதே ஆள்தான், பிள்ளையும் அதே பிள்ளைதான். வேகம் 20 கிலோமீட்டர் கூடியது, அவ்வளவே.

இதில் பெரிய இயற்பியல் எதுவும் இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் அவ்வளவு ஆற்றலையும் சூடாக மாற்றித் தீர்த்தாக வேண்டும். அதனால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமும் நான்கு மடங்காகிறது. மனித உடம்பின்மேல் மோதும்போதும் இதே இருமடிக் கணக்குதான். 30 கிலோமீட்டர் வேகம் என்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம்: ஒரு தரைத்தள வீட்டின் மொட்டைமாடி. 50 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் பத்து மீட்டருக்கு ஏறிவிடுகிறது, மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சி. முதல் உயரத்திலிருந்து விழுந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். இரண்டாவதிலிருந்து விழுந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மனிதர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்ததற்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

சரி, 30 என்று பலகை வைத்துவிட்டால் போதுமா? போதாது. ஓட்டுபவர் பலகையைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வதில்லை, சாலையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அகலமான, நேரான, இருபுறமும் எதுவுமற்ற சாலையில் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். குறுகலான தெருவில், ஓரமாக மரங்களும் கடை வாசல்களும் நெருங்கி நிற்குமிடத்தில், அதே கால் தானாகத் தளரும். நகரத்தை நடப்பவர்களுக்கு ஏற்றதாக மாற்றும் கலையின் சாரமே இதுதான்: அறிவுரை சொல்வதை விட்டுவிட்டுச் சாலையின் வடிவத்தைப் பேசவிடுவது.

ஒரு தெரு முக்கை எடுத்துக்கொள்வோம். பெரிய சாலையிலிருந்து கிளைத்தெருவுக்குத் திரும்புமிடத்தில் நடைபாதையின் விளிம்பு ஒரு வில்லாக வளைகிறது. அந்த வில்லின் ஆரம் சிறியதாக இருந்தால் வண்டி மெதுவாகத்தான் திரும்ப முடியும். பெரியதாக இருந்தால் வேகத்தைக் குறைக்காமலே திரும்பலாம். உட்கார்ந்திருப்பவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் உடம்புக்குச் சங்கடமாக இருக்கும். அந்த எல்லைக்குள் நின்று கணக்குப் போட்டால், வண்டி போகும் வளைவு 3 மீட்டர் ஆரம் கொண்டதாக இருந்தால் மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பலாம். 12 மீட்டர் ஆரம் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். விளிம்புக்கல்லை எங்கே பதிப்பது என்று மேஜையில் உட்கார்ந்து ஒரு பொறியாளர் போடும் கோடு, அந்த முக்கில் இனி முப்பது ஆண்டுகளுக்குத் திரும்பப்போகும் ஒவ்வொரு வண்டியின் வேகத்தையும் தீர்மானித்துவிடுகிறது. அந்தக் கோட்டைப் போடுகிறவர்கள் அங்கே சாலையைக் கடக்கும் பாட்டியை நினைத்துக்கொண்டு போடுகிறார்களா என்பது எனக்கு எப்போதும் முக்கியமான கேள்வி.

இந்தக் கலையை நெதர்லாந்தைப் போல ஆழமாகக் கற்ற நாடு வேறில்லை. அங்கே குடியிருப்புத் தெரு பெரிய சாலையோடு சேரும் இடத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் நடைபாதை அங்கே அறுந்துவிடும். நடப்பவர் இறங்கி, இருபுறமும் பார்த்து, ஓடிக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். அங்கே நடைபாதை அறுவதில்லை. அதே உயரத்தில், அதே கல் பாவி, கிளைத்தெருவின் வாயைக் குறுக்காகக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். ஏறி இறங்க வேண்டியது கார்தான். சாய்வான கற்களில் முன்சக்கரத்தை ஏற்றி, நடைபாதையைக் குறுக்கே தாண்டி, மறுபக்கம் இறங்க வேண்டும். ‘இது நடப்பவரின் இடம், இதற்குள் விருந்தாளியாக வருகிறேன்’ என்பது காரோட்டிக்குப் பலகை இல்லாமலே புரிந்துவிடும். சக்கர நாற்காலியில் போகிறவருக்கும், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற தாய்க்கும் அந்தத் தெரு முழுவதும் ஒரே சமதளம்.

பெரிய ஜங்ஷன்களிலும் இதே சிந்தனைதான். சைக்கிள் பாதைக்கும் கார் பாதைக்கும் நடுவே, முக்கில், வாழைப்பழ வடிவில் ஒரு சிறு மேடை இருக்கும். பார்க்க அலங்காரம் போலத் தெரியும் அந்த மேடை மூன்று வேலைகளைச் செய்கிறது. திரும்பும் காரை இறுக்கமாக வளையவைத்து வேகத்தைக் குறைக்கிறது. சைக்கிள்காரரைக் கார்களுக்கு முன்னால் தள்ளி நிறுத்துகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது மூன்றாவது: கார் பாதித் திருப்பத்தை முடித்த பிறகுதான் சைக்கிள் பாதையைச் சந்திக்கிறது. அதாவது சைக்கிள்காரர் ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால், கண்ணாடிக்கும் அகப்படாத மூலையில் இருப்பதில்லை. நேர் எதிரே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரிகிறார். லாரி திரும்பும்போது பக்கவாட்டில் சிக்கிச் சாகும் விபத்துக்கு மிக நல்ல மருந்து இப்படிச் சில சதுர மீட்டர் கல்லும் சிமென்ட்டும்தான்.

டச்சுக்காரர்கள் என்றாலே பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் எல்லோரும் கார் வாங்கினார்கள். சாலையை அகலப்படுத்தக் கட்டடங்களை இடித்தார்கள். சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. சைக்கிள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 1971-இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த பிறகு ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள், தெருக்களைத் தாங்களே அடைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். விரைவிலேயே எண்ணெய் நெருக்கடியும் வந்தது. 1973 நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. நெடுஞ்சாலையில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள். கார் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு தலைமுறையே கண்ணால் பார்த்துவிட்டது.

பிறகு நடந்தவற்றில் என்னை அதிகம் கவர்ந்தது வடக்கே உள்ள க்ரோனிங்கன் நகரம் செய்த காரியம். பல்கலைக்கழக நகரம் அது. மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற இளம் நிர்வாகி போக்குவரத்துப் பொறுப்பில் இருந்தார். நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். நடந்தோ சைக்கிளிலோ ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நேராகப் போகலாம். காரில் முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய், சுற்றி, அடுத்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். காரை யாரும் தடை செய்யவில்லை. எந்தக் கடைக்கும் காரில் போகலாம். ஊரை ஊடறுத்துக் குறுக்கு வழியாகப் போவது மட்டும் கிடையாது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பேசிப் பேசி ஆண்டுகள் கழியும் என்று தெரிந்ததாலோ என்னவோ, 1977 செப்டம்பர் 19-க்கு முந்தைய இரவில் ஊர் முழுக்கப் பலகைகளை மாற்றிவிட்டார்கள். விடிந்தபோது நகரத்தின் இணைப்புகள் வேறாக இருந்தன. பெரிய கட்டுமானம் இல்லை, மேம்பாலம் இல்லை. காரில் போகும் பயணம் நீண்டுவிட்டது. சைக்கிளில் அது நீளவில்லை. மக்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தாங்களே முடிவெடுத்தார்கள். இன்று அந்த ஊருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கும் மேல் சைக்கிளில்தான்.

அடைத்த வழியில் போன கார்களெல்லாம் பக்கத்துச் சாலையில் போய் முட்டிக்கொள்ளாதா? நியாயமான கேள்வி. பிரிட்டனில் சாலி கெய்ர்ன்ஸ், கார்மென் ஹாஸ்-க்ளாவ், ஃபில் குட்வின் ஆகியோர் 1998-இல் இதைத் தேடிப் பார்த்தார்கள். பாலம் பழுதானது, சாலை மூடப்பட்டது, பஸ்ஸுக்கென்று ஒரு தடம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று உலகெங்கிலும் அறுபதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைச் சேர்த்தார்கள். சுற்றியுள்ள சாலைகளையும் சேர்த்து எண்ணிய பிறகும், பாதிக்குப் பாதி இடங்களில் பத்து சதவீதத்துக்கும் மேலான வண்டிகள் எங்குமே தென்படவில்லை. சிலர் நேரத்தை மாற்றினார்கள், சிலர் இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தார்கள், சிலர் நடந்தார்கள். போக்குவரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீர் என்று நினைத்தால் இது புரியாது. அது மனிதர்கள் தினமும் எடுக்கும் முடிவுகளின் கூட்டுத்தொகை. தென்கொரியத் தலைநகர் சோலில் சொங்கேசொன் ஓடையின்மேல் இருந்த மேம்பாலச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை.

சைக்கிள் என்ற எந்திரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓர் ஆள் ஒரு கிலோமீட்டர் நடக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போதும், அதே ஆள் அதே தூரத்தைச் சைக்கிளில் கடக்க. தன் எடைக்கும் தூரத்துக்கும் இவ்வளவு சிக்கனமாக நகரும் உயிரினம் எதுவும் கிடையாது என்று 1973-இல் எஸ். எஸ். வில்சன் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் காட்டினார். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பைத் தூக்கி இறக்குகிறோம். சைக்கிளில் உடம்பின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது, கால்கள் தள்ளுவதை மட்டும் செய்கின்றன.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு பகை உண்டு. நிற்பது. சைக்கிளும் ஆளுமாக 90 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை பிரேக் பிடித்து நின்று மறுபடி அதே வேகத்தை எட்டச் சுமார் 780 ஜூல் செலவாகும். சமதரையில் அந்த வேகத்தில் ஓட்டத் தேவையான திறன் சுமார் 50 வாட். கணக்குப் போட்டால் ஒவ்வொரு நிறுத்தமும் பயணத்தில் 65 மீட்டரைக் கூட்டிவிடுகிறது. பத்து இடத்தில் நிறுத்தினால் 650 மீட்டர் அதிகம் மிதித்த களைப்பு. கோபன்ஹேகன் நகரத்தில் நோரெப்ரோகேட் என்ற சாலையில் சிக்னல்களை 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இசைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் மிதிப்பவருக்கு ஒவ்வொரு சிக்னலும் பச்சையாகவே வந்து சேரும். காருக்காக மட்டுமே சிக்னலைக் கணக்கிட்டுப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தெரிகிறது. மிதிப்பவரின் மூச்சையும் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டதுதான் அந்த ஊரின் பெருமை.

சைக்கிளும் நடையும் கூடினால் விபத்தும் கூடாதா என்ற கேள்விக்குப் பீட்டர் ஜேக்கப்சன் 2003-இல் பல நாட்டுத் தரவுகளை வைத்து விடை தேடினார். நடப்போரும் மிதிப்போரும் இரு மடங்கானால் காயமடைவோர் மூன்றில் ஒரு பங்கு அளவே கூடுகிறார்கள் என்று கண்டார். அதாவது தனி ஆளுக்குள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எதிர்பார்க்கும் ஒன்றைத்தான் ஓட்டுநரின் கண் தேடுகிறது. நெதர்லாந்தில் இப்போது சாலை மரணங்கள் ஆண்டுக்குச் சுமார் 700. மக்கள்தொகையும் வண்டிகளும் 1971-ஐவிட எவ்வளவோ பெருகிய பிறகும் இதுதான் நிலை. அங்கேயும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் இறப்போரில் காரில் போனவர்களைவிடச் சைக்கிளில் போனவர்களே அதிகம், அவர்களிலும் முதியோர் அதிகம். மின் சைக்கிள்களின் வேகம் அங்கே புதுக் கவலையாகியிருக்கிறது.

நமக்கு வருவோம். நடப்பதும் மிதிப்பதும் நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியவை அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி, விவசாயம் சாராத வேலைக்குப் போகும் இந்தியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்தே போனார்கள்; எட்டில் ஒருவர் சைக்கிளில் போனார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயலில் நாற்று நட்டவர்களும் கூட்டம் கூட்டமாக வந்து கற்றார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் போனார்கள். பிறகு தமிழக அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் தந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் தருகிறது. இது உலகமே பார்த்துப் பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் அந்தச் சைக்கிளில் அச்சமின்றிப் போவதற்கான பாதையை நம் நகரங்கள் போட்டுத் தரவில்லை. கல்லூரிக்குப் போகும் வயதில் அந்தப் பிள்ளை ஸ்கூட்டிக்கு மாறிவிடுகிறது. அதில் பிள்ளையின் குற்றம் என்ன இருக்கிறது?

நடைபாதையில் ஏன் யாரும் நடப்பதில்லை என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. நம் ஊர் நடைபாதை ஒன்றை அருகில் போய்ப் பாருங்கள். சாலைமேல் சாலையாகப் போட்டதற்கு ஈடாக நடைபாதையும் உயர்ந்து, விளிம்புக்கல் முழங்கால் அருகே நிற்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் இறங்குவதற்காக அதைச் சரித்துவிடுகிறார்கள். ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு என்று நூறு மீட்டரில் பத்துப் படிக்கட்டு. நடுவில் மின்வாரியப் பெட்டி. அதைத் தாண்டினால் நிறுத்திய பைக்குகள், அதையும் தாண்டினால் விளம்பரக் கம்பம். முட்டி வலிக்காரர் சாலையில்தான் நடப்பார். இந்தியச் சாலைகள் பேரவை 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறியிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தது: தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர், விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் கார் தடத்தைக் குறைத்து, அகல நடைபாதை போட்டுத் திறந்தார்கள். மாலை நேரத்தில் அங்கே பிள்ளைகள் ஓடுவதையும் வயதானவர்கள் உட்கார்ந்து பேசுவதையும் பார்த்தவர்களுக்கு, நம் ஊரிலும் இது முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நம் வெயிலுக்கு நிழல்மரமும் வேண்டும்; சென்னையின் மே மாதத்தில் மரமில்லாத நடைபாதை அரைப் பாதைதான்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். எலும்பு முறிந்தும் உடல் நசுங்கியும் வருபவர்களைப் பார்த்துப் பார்த்து, கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்றும், அதற்கான நெறிமுறைகளை அரசுகள் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆகவே, இது யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை அல்ல. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓர் அளவு டேப்போடு நடந்து பாருங்கள். தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் எங்கெங்கே இல்லை, விளிம்பு எங்கே 150 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, பாதை எங்கே அறுகிறது என்று ஒரு தாளில் குறித்து, போட்டோ சேர்த்து, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கையெழுத்தோடு கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.